கால் தட்டுச் சோறு

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்துகிறேன். மாவுச்சத்து வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் அயோடின் சொட்டு விட்டால் கருநீலமாக மாறும். யாராவது ஒருவர் “வாவ்” என்று கத்துவார். பிறகு பலகையில் ஒரு தட்டு வரைவேன். பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு மீனோ பருப்போ, மிச்சக் கால் பங்கு சோறு.

இப்போதெல்லாம் வரைவதோடு சரி. முன்பு படம் காட்டுவேன்.

ஒரு வருடம், சோறு அளவு மீறிப்போன தட்டு ஒன்றின் படம் எனக்குத் தேவைப்பட்டது. வெளியே தேடுவானேன்? வீட்டிலேயே மகள் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அப்போது பதினான்கு வயது, என் பள்ளியிலேயே வேறு வகுப்பு. நெட்பால் ஆடிவிட்டு வந்த பசி. சோற்றைக் குவித்து மேலே மீன்குழம்பை ஊற்றியிருந்தாள். முகம் விழாமல் தட்டை மட்டும் கைபேசியில் எடுத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு. ஓரத்தில் அவள் மணிக்கட்டும், தோழிகள் பின்னிக்கொடுத்த பச்சைக் கயிறும் விழுந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

மறுநாள் திரையில் அந்தத் தட்டைக் காட்டி, “இது ஒருத்தருக்கா, ஒரு குடும்பத்துக்கா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கயிற்றை அடையாளம் கண்ட பிள்ளைகள் இடைவேளைக்குள் விஷயத்தை அவளிடம் சேர்த்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் அரிசி அளக்கும் பிளாஸ்டிக் கப்பை எடுத்தாள். அதில் சோற்றை நிரப்பி, விரலால் மட்டம் தட்டி, தட்டில் கவிழ்த்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல மா, நீங்க சொன்னது கரெக்ட்தானே” என்றாள். சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாம். அதற்குப் பிறகு என்னிடம் இரண்டாம் முறை சோறு கேட்டதே இல்லை.

இப்போது கல்யாணமாகி செங்காங்கில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். வாசலிலேயே, “சாப்பிட்டுட்டுதான் வந்தேன் மா” என்பாள். நானோ காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கி, இரண்டு பேருக்குச் சமைத்து வைத்திருப்பேன். செவ்வாய் வரை அதை நானே தின்று தீர்ப்பேன். இதே ஊரில் இருக்கும் பெண்ணுக்காக இப்படி ஏங்குவது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ஏங்குகிறேன்.

போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், அப்ப நான் ரைஸையே விட்டுடட்டுமா?”

“விடாதம்மா. ஓடுறதுக்கும் படிக்கிறதுக்கும் அதுலதான் சக்தி. பசிச்சா சாப்பிடு!” என்றேன். என் குரல் உயர்ந்ததைக் கேட்டு அவள் மிரண்டுபோனாள்.

போன ஞாயிறு மகள் வந்ததுமே, “பசிக்குது மா, காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல” என்றாள். சமையலறைக்கு ஓடினேன். தட்டை எடுத்து வைத்துவிட்டு, குழம்பைச் சூடுபண்ண அடுப்புப் பக்கம் திரும்பினேன். பின்னால் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பழைய கப்பைத் தேடி எடுத்து, சோற்றை நிரப்பி, விரலால் மட்டம் தட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா.”

“போதும் மா,” என்று கப்பைக் கவிழ்த்தாள். “கால் தட்டு வந்துடுச்சு.”