சாய்ந்த எல்லைக்கல்

பசுவந்தனை மாரிச்செல்வி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்ப் புண் கட்டும் நர்ஸான நான் அவள் மாமியாரின் படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டி முடித்திருந்தேன். கிரிக்கெட், பாட்டு, பிரியாணி, சட்டம், அரசியல் என்று எதற்கும் ஃபேஸ்புக்கில் கருத்து எழுதுகிறவள் அவள்.

கரிசல் வெடித்தால் எல்லைக்கல் சாயும். அப்படிச் சாய்ந்த கல்லைப் பக்கத்துப் புஞ்சைக்காரர் பரமசிவன் நிமிர்த்தி நட்டிருந்தார். இவள் புஞ்சைக்குள் மூன்றடி தள்ளி நட்டுவிட்டதாக மாரிச்செல்விக்குச் சந்தேகம். அன்று அவர் இவள் வீட்டுப் பக்கம் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"யாரைக் கேட்டு நட்டீய அண்ணாச்சி?"

"உன்னைத்தான். சாஞ்ச கல்லை நாமளே நட்டுக்கிடலாம்னு நீதானம்மா எழுதுன?"

"அது சும்மா எழுதுனது."

"அம்பது பேரு லைக் போட்டிருக்கானே! எது சும்மா, எது நெசம்னு மேல எழுதிப் போடக்கூடாதா?"

அவர் போன பிறகு தன் பதிவை நாலு தடவை படித்தாள். எங்கே கேட்டு எழுதினோம் என்று பிடிபடவில்லை. பழைய கல் நின்ற இடமும் சரியாக நினைவில்லை.

"தப்புன்னு சொன்னா ஊரே சிரிக்கும். சரின்னு சொன்னா புஞ்சை போச்சு. என்ன செய்ய பெரியம்மா?"

"எனக்குப் புண் கட்டத்தான் தெரியும். சர்வேயரைக் கூப்பிடு" என்றேன்.

மறுநாள் காலை பதிவை அழித்துவிட்டு, பரமசிவனையும் கூட்டிக்கொண்டு போய், தாலுகா ஆபீஸில் நிலம் அளக்க மனு கொடுத்தாள்.