ஊன்றிய கால்

அவனுக்குக் கடப்பாரை என்று பேர் வைத்தது எதிரணி ரசிகர்கள். சொந்த அணியும் அதையே பிடித்துக்கொண்டது. நடுக்களத்தில் அவனுக்கு ஒரே வேலைதான்: அழகாக ஆடுகிறவனை ஆடவிடக் கூடாது. அவன் கோல் போட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. அவன் அடித்து யாரையெல்லாம் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம். மூன்று தடவை உடைந்த மூக்கு இடது காதோடு ரகசியம் பேசுவதுபோலத் திரும்பியிருந்தது. முன்பல் இரண்டும் கழற்றி மாட்டுகிற ரகம். ஆட்டத்துக்கு முன் அவற்றைச் சோப்பு டப்பாவில் போட்டு வைப்பான்.

அன்றைக்கு எதிரணியில் பத்தாம் நம்பர் சட்டை போட்டிருந்தவர் அவனுடைய தங்கை புருஷன். போன வருஷம் இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். பூரண குணம் என்று கிளப் சொல்லிக்கொண்டிருந்தது. படி இறங்கும்போது மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொள்வது வீட்டுக்குத்தான் தெரியும்.

காலையிலேயே தங்கை போன் செய்துவிட்டாள்.

"அண்ணே, அடிக்காதேன்னு சொல்லல. அது உன் பொழைப்பு. அந்த முட்டியை மட்டும் விட்டுடு. இன்னொரு தடவை போச்சுன்னா அவர் ஆட்டமே முடிஞ்சுதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"தொடமாட்டேன்மா. சத்தியமா."

உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் கதவைச் சாத்தினார். "இடைவேளைக்கு அப்புறம் அந்தப் பத்தாம் நம்பர் களத்துல இருக்கக் கூடாது. அடுத்த வருஷம் நீ இங்க இருக்கியா இல்லையான்னு அப்புறம் பேசலாம்."

"அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர், சார்."

"அப்ப எங்க தட்டணும்னு உனக்கே தெரிஞ்சிருக்கும்."

அறையே சிரித்தது. கடப்பாரையும் சிரித்து வைத்தான்.

ஆட்டம் தொடங்கிய சூட்டில் அவன் மாப்பிள்ளையின் கணுக்காலை மிதித்தான். அடுத்த கார்னர் கிக்கில் மாப்பிள்ளையின் முழங்கை அவன் வாயில் இறங்கியது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"பல்லு இல்லாத இடமா பாத்துத்தான் இடிச்சேன் மச்சான். உனக்குச் செலவு வேண்டாம்னு."

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை பந்தை அவன் இரண்டு கால்களுக்கு நடுவே தள்ளிவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினார். அரங்கமே கைதட்டிச் சிரித்தது. கடப்பாரைக்குக் காது சூடேறியது.

இடைவேளை நெருங்கியபோது மாப்பிள்ளை கோலை நோக்கித் திரும்பி, இடது காலை ஊன்றி, உதைக்க வலது காலை ஓங்கினார். கடப்பாரை பக்கவாட்டில் சறுக்கி வந்தான். இடது காலைத் தொடவில்லை. பூட்ஸின் ஆணிகள் வலது கணைக்காலில் முழு வேகத்தில் மோதின. அந்தரத்தில் இருந்த கால் அடிவாங்கியதும் உடம்பு ஒரு பக்கம் சுழன்றது. புல்லில் புதைந்திருந்த இடது பாதம் மட்டும் சுழலவில்லை. ஈரத் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். பிறகு மாப்பிள்ளையின் அலறல்.

யாரோ அவன் தாடையில் குத்தினார்கள், யாரோ காலரைப் பிடித்து இழுத்தார்கள். நடுவர் சிவப்பு அட்டையைத் தூக்கினார். கேலரியிலிருந்து வந்த பாட்டில் அவன் தோளில் பட்டு உடைந்தது. வெளியேறும் வழியில் பயிற்சியாளர் அவன் முதுகில் தட்டினார். "நாளைக்கு ஆபீசுக்கு வா."

ஆஸ்பத்திரி அறை வாசலில் தங்கை நின்றிருந்தாள்.

"எந்தக் காலை அடிச்சே?"

"நல்ல காலைத்தான்மா. அந்த முட்டியைத் தொடவே இல்ல."

உள்ளே கட்டிலிலிருந்து மாப்பிள்ளையின் குரல் கரகரத்தது. "ஊனின காலுதான் போகும்னு உனக்குத் தெரியாதா மச்சான்?"

தங்கை அவன் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவன் சாய்த்தவர்களில் பாதிப்பேருக்கு அப்படித்தான் முட்டி போனது.

"தெரியும்," என்றான்.

அவள் கையிலிருந்த எவர்சில்வர் பிளாஸ்கால் ஓங்கி அறைந்தாள். மூக்கெலும்பு நொறுங்கியது. கையைத் தூக்கித் தடுக்கத் தோன்றவில்லை அவனுக்கு. இரண்டாவது அடியையும் வாங்கிக்கொண்டான். நர்ஸ் ஓடிவந்துதான் அவளை இழுத்தாள்.

மறுநாள் பயிற்சியாளர் ஒப்பந்தத்தை மேஜையில் தள்ளிவிட்டு, கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்தார்.

"ரெட் கார்டு வாங்கிட்டுப் போறப்ப மூக்கு நல்லாத்தானேடா இருந்துச்சு?"

"ரெண்டாவது பாதி ஆஸ்பத்திரில நடந்துச்சு, சார்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.