கடைவாய்ப் பல்லும் மிச்சமிருந்த கண்ணும்

என் மனைவிக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. சின்ன வயதில் கதிரடிக்கும் களத்தில் நெல்லின் சுணை பட்டுப் பூ விழுந்த கண். நாற்றின் வேரையும் என் முகத்தையும் வலது கண் ஒன்றால்தான் பார்த்துவந்தாள். அதனால், வலது கீழ்த்தாடையின் கோடியில் பாதி முளைத்துக் கிடந்த ஞானப்பல் நோவெடுத்தபோது அவள் பல்லைப் பற்றிப் பேசவே இல்லை. கண்ணைப் பற்றித்தான் பேசினாள்.

"புடுங்கினா கண்ணு நரம்பு செத்துடும்யா. இதுவும் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு என்பது அங்கே யாரும் சந்தேகப்படாத சங்கதி. பக்கத்து வீட்டிலிருக்கும் என் அண்ணியும் வந்து பார்த்தாள்.

"ஆடாத பல்ல எவளாச்சும் புடுங்குவாளாடி? கண்ண வித்துட்டு பல்லு வலிய தீத்துக்கப் போறியா? உப்ப வறுத்து ஒத்தடம் குடு."

கொடுத்தோம். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து நானே அவள் கன்னத்தில் வைத்தேன். வலி தணிந்தது, திரும்பி வந்தது. மழை விட்டு மழை பெய்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது.

நவரைப் பட்டத்து நடவு தொடங்கியது. சேற்றில் குனிந்தவள் நிமிர்ந்தபோது கன்னம் பழமாக உப்பியிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. பல்லிடுக்கு வழியாகக் கஞ்சியை உறிஞ்சினாள். மறுநாள் காலை வீக்கம் மேலேறி, நல்ல கண்ணின் கீழ் இமையைத் தொட்டிருந்தது.

"வீங்கிக்கினே போவுதுய்யா. கண்ண மூடிடும் போலகீதே."

எந்தக் கண்ணுக்காகப் பல்லைக் காத்தாளோ, அந்தக் கண்ணையே பல் தேடி வந்துவிட்டது. பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போனோம்.

பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலும்புக்குள் பாதி புதைந்து அந்தப் பல் படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லைத் தலையால் முட்டிக்கொண்டிருந்தது.

"ஒத்தடம் குடுத்தீங்களா? வெளியிலேர்ந்து சூடு வெச்சா சீழ் கன்னத்துப் பக்கம் இழுத்துக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில வாய் கொப்புளிச்சாப் போதும்." பிறகு அவளிடம் சொன்னார்: "எல்லா ஞானப்பல்லையும் எடுக்கணும்னு இல்லம்மா. நேரா முளைச்சு, பிரஷ் எட்டுச்சுன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். இது படுத்துக்கிட்டு இருக்கு. சோறு மாட்டிப் பக்கத்துப் பல்லும் சொத்தையாகுது. திரும்பத் திரும்ப சீழ் வைக்குது. அடுத்த தடவை எங்க பரவும்னு சொல்ல முடியாது."

"கண்ணு?" என்றாள், திறக்காத வாயால்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

"பார்வைக்கான நரம்பு வேற வழி. அது இங்க வரவே வராது. இங்க இருக்கறது உதட்டுக்கும் நாக்குக்கும் போறது. அது கொஞ்ச நாள் மரத்துப்போகலாம், அபூர்வமா மரத்தபடியே நின்னும் போகலாம். மறைக்க மாட்டேன். கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. முதல்ல மாத்திரையில வீக்கம் வடியட்டும்."

படியிறங்கும்போது அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நாக்கு போனாப் போவட்டும். உன்னத் திட்ட கண்ணு ஒண்ணு போதும்."

வீக்கம் வடிந்தபின் பல் எடுக்கப் போன அன்று நான் கதவோரம் நின்றேன். மரத்துப்போக ஊசி போட்டு, தலைக்கு மேலே விளக்கைத் தாழ்த்தினார்கள்.

"கண்ண மூடிக்கோங்கம்மா, கூசும்."

மூடவில்லை. பல்லைத் துண்டாக்கும் கருவி இரைந்தது, தாடை அழுந்தியது, கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அவள் மூடவே இல்லை. மூடினால் திறக்கும்போது உலகம் இருக்காதோ என்று காவல் கிடந்த கண் அது. எடுத்த பல்லை நான் பார்க்கவில்லை. அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் வாய் நிறையப் பஞ்சு. பேசக் கூடாது. பாலாற்றுப் பாலத்தில் ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டினாள்.

"கொக்கு," என்றேன்.

தலையசைத்தாள். இன்னும் தள்ளிக் காட்டினாள்.

"ஆடு."

அப்புறம் வயல்களுக்கு அப்பால் எங்கோ காட்டினாள். எனக்குப் பச்சையாக ஒரு கலங்கல்தான் தெரிந்தது. அவள் என் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, தானே என் மூக்கில் மாட்டிவிட்டாள். தொலைவில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள்.

"நடவு," என்றேன்.

மரத்த உதட்டில் பாதிதான் சிரித்தது.