தண்டட்டியும் தேங்காயும்

அந்த வருஷம் மலையில் எங்கள் தோட்டத்து ஏலக்காய் நன்றாகக் காய்த்தது. போதாதா எனக்கு? தண்டட்டி வேண்டும் என்று என் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்துவிட்டேன். "மலைக்கும் ஊருக்கும் நடக்கிறவளுக்கு அது எதுக்கு? நாலு பேரு கண்ணுல பட்டா வம்பு" என்றார். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நாலாம் நாள் ஆசாரியைக் கூட்டிவந்துவிட்டார்.

தண்டட்டி என்றால் சும்மாவா! நீளமாக வளர்த்த காதில் தொங்கி, நடக்கும்போது தோளைத் தொட்டுத் தொட்டு ஆடும். முதன்முதலாகப் போட்டுக்கொண்டு போடிச் சந்தைக்குப் போனபோது, கத்தரிக்காய் வாங்கப் போனவள் எல்லாக் கடையிலும் நின்று தலையை ஆட்டி ஆட்டி விலை கேட்டேன். வேண்டாத சாமானுக்கும் கேட்டேன்.

அங்கேதான் முன்பின் தெரியாத இரண்டு பேர் என் பின்னாலேயே வந்தார்கள். அவர்கள் கண் என் காதைவிட்டு நகரவில்லை. ஒருவன் ரொம்பப் பணிவாக, "அக்கா எப்ப மலைக்குப் போறீக?" என்று கேட்டான். "வெள்ளிக்கெழம விடியவும் கெளம்பிருவோம்" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

வீட்டில் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! போன மாசந்தான மலையேறுற மெட்டுப் பாதையில ஒருத்தி காத அறுத்துட்டுப் போனாங்க? நீயே நாளும் சொல்லிட்டு வந்திருக்க!"

கழற்றி வைத்துவிட்டுப் போனால் பூட்டிய வீட்டுக்கு யார் காவல்? ஒன்றும் போடாத மூளிக் காதோடு வெளியே இறங்குவதும் தாலி கட்டிக்கொண்டவளுக்கு ஆகாது. கடைசியில் தண்டட்டியோடு சேர்த்துக் காதைப் பழந்துணியால் சுற்றி, மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். அச்சு அசல் ரத்தம் கசிகிற புண் மாதிரியே இருந்தது. கூட வந்த காய் பறிக்கும் பெண்களிடம்கூடக் காதுவலி என்றுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவர் பொதிமாட்டோடு முன்னால் போய்விட்டார். பாதி ஏற்றத்தில், பாறைமேல் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்! ஒருவனுடைய துண்டு முடிச்சில் என்னவோ உருண்டையாகப் புடைத்திருந்தது. மண்டையில் போடக் கல் கொண்டுவந்திருக்கிறான் பாவி. "அக்கா..." என்று எழுந்தான்.

"கிட்ட வராத! காதுல புண்ணு, தொத்திக்கிரும்!" என்று நான் போட்ட கூச்சலில் இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஏறினேன்.

அந்தக் கூச்சல் பெண்கள் காதிலும் விழுந்ததுதான் வினை. தோட்டம் போய்ச் சேர்ந்ததும் ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை. "தொத்து வியாதிக்காரி கூடச் சோலி பாக்க மாட்டோம். நாங்க கீழ போறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். காயெல்லாம் பறிக்கிற பக்குவத்தில் நிற்கிறது. அவர்கள் போனால் வருஷத்து விளைச்சலே போச்சு. வேறு வழி? எல்லாருக்கும் முன்னால் காதுத் துணியை அவிழ்த்தேன்.

"அப்பாடா, நல்லாத்தான் இருக்கு!" என்று பின்னால் ஒரு குரல். அதே இரண்டு பேர், மூச்சு வாங்க நிற்கிறார்கள். என் வீட்டுக்காரர் கம்பை ஓங்கிவிட்டார்.

"அடிச்சிராதீகண்ணே!" என்று ஒருவன் அவசரமாக முடிச்சை அவிழ்த்தான். உள்ளே வெற்றிலை பாக்கும் ஒரு தேங்காயும். "எங்க தங்கச்சியப் பொண்ணு பாக்க வர்றாக. காதுல போட ஒண்ணுமில்ல. வெறுங்கையோட சந்தையில வச்சுக் கேட்டா மரியாதையா இருக்காது. வீடும் தெரியல. அதான் வழியில நின்னோம். ரெண்டே நாளைக்கு இரவல் குடுங்கக்கா."

வெற்றிலை பாக்கு வைத்து நகை இரவல் கேட்டால் எங்கள் பக்கம் இல்லை என்று சொல்லும் வழக்கமில்லை. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கழற்றிக் கொடுத்தேன்.

சொன்னபடி திருப்பித் தந்தார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்களே! அடுத்த வாரம் அவர்கள் ஒரு தேங்காயோடு வந்தார்கள். அப்புறம் அவர்களுடைய சம்பந்தி வீட்டார் வந்தார்கள். திருடனாயிருந்தால் ஒரு தடவையோடு போயிருப்பான். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை. நான்தான் மூளிக் காதை மறைக்க அதே பழந்துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.