குஞ்சுக்குக் கட்டிய சிவப்புக் கயிறு

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் ஒரு நோயாளி அட்மிட். எடை? ஒரு எலுமிச்சம்பழம் கூடத் தேறாது. கோழிக்குஞ்சு!

அடையில் இருந்த பெட்டைக்கோழியை மழைக்குப் பயந்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிப் போட்ட புது டைல்ஸ். பேப்பரை விரித்து, அதன் மேல் கூடையை வைத்தேன். குஞ்சு பொரித்தது. எல்லாம் இறங்கி ஓடின... ஒன்று மட்டும் ஓடவில்லை. இரண்டு காலும் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிப் போக, வயிற்றாலேயே தரையைத் துடைத்துக்கொண்டு கிடந்தது. அந்தத் தரையில் எனக்கே பிடிமானம் கிடையாது. பிறந்து ஒரு பொழுது ஆகாத அதற்கு எங்கிருந்து வரும்?

தாய்க்கோழி அதை மிதித்துக்கொண்டு மற்றதுகளோடு போய்விட்டது. எழுந்து நின்றால்தான் தீனி, தண்ணீர். நிற்காவிட்டால்? பூனைக்குத்தான் விருந்து.

மருமகள் செல்வி எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, இது தேறாது. கொல்லையில விட்டுட்டு வாங்க. பாக்கவே பாவமா இருக்கு."

"ஒம் புருசனுந்தான் ஒன்றரை வயசு வரைக்கும் நடக்கல. கொல்லையிலயா விட்டேன்?"

"விட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்!"

என்ன வாய், என்ன வாய்! இதற்காகவே தேடிப் பிடித்துக் கட்டிவைத்தேன்.

பக்கத்து வீட்டுச் சின்னையாதான் வழி சொன்னார். "அக்கா, ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கட்டுங்க. எளங்காலு, திரும்பிக்கிரும்."

கட்டுவதா கஷ்டம்? கீரமங்கலம் சந்தைக்கு முல்லையும் கனகாம்பரமும் கட்டிக் கட்டித் தேய்ந்த விரல் இது. சாமி படத்தடியில் கோயில் சிவப்புக் கயிறு கிடந்தது. எடுத்துக் கட்டினேன். காலுக்குக் கட்டும் ஆச்சு, கண்ணேறும் கழிந்தது! பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு மட்டும் ஒதுங்கியவளுக்கு இவ்வளவு மூளையா என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, குஞ்சைத் தாயிடம் விட்டுவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தேன்.

கீச் கீச்சென்று ஒரே அலறல். போய்ப் பார்த்தால், கூடப் பிறந்ததுகள் எல்லாம் சேர்ந்து அதன் காலைக் கொத்துகின்றன. சிவப்பாக, நூலாக, நெளிந்துகொண்டு... அதுகள் கண்ணுக்கு அது புழு! ஆளுக்கொரு முனையைக் கவ்வி, கயிற்றோடு குஞ்சையும் இழுத்துக்கொண்டு போகின்றன.

எனக்கு முன்னால் செல்வி பாய்ந்து அதைத் தூக்கினாள். காலில் ரத்தம்.

"அத்தை! கண்ணு படக் கூடாதுன்னு கட்டுனீங்களா, வாய் படணும்னு கட்டுனீங்களா?"

ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து நீட்டினேன்.

கயிற்றை வெட்டி எறிந்தாள். காயத்துக்கு மஞ்சள் வைத்தாள். பிளாஸ்திரியை மெல்லிசாகக் கீறி, இரண்டு காலுக்கும் நடுவில் விரல் இடம் விட்டு ஒட்டினாள். அட்டைப்பெட்டிக்குள் சாக்கு விரித்து, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். அரிசி நொய்யைக் குழைத்து விரல்நுனியில் வைத்து ஊட்டினாள்.

"கொல்லையில விடச் சொன்ன வாயா இது?"

"சத்தம் போடாதீங்க அத்தை, அது பயப்படுது."

தினமும் காலையில் நிறுத்திப் பார்ப்பாள். விழும். மறுபடி நிறுத்துவாள். மறுபடி விழும். கோபம் என் மேல் பாயும்.

ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அணைக்க ஆளில்லை. "அத்தை! இங்கிட்டு வாங்க... நிக்கிது! தானா நிக்கிது!" செல்வி கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும். நான் அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு.

பொழுது சாயும் நேரம் பார்த்து, நைசாகத் தாயின் இறக்கைக்குள் செருகினோம். கோழிக்கு எண்ணத் தெரியாது. நல்லவேளை!

இப்போது பங்குனி. குஞ்சு சேவலாகிவிட்டது. இடது கால் மட்டும் கொஞ்சம் வெளியே வீசும். நேராகப் போக நினைத்து மூலைக்குப் போகும். நேற்று சின்னையா வந்தார், முனியய்யா கோயிலுக்கு நேர்ந்துகொண்டபடி பலி கொடுக்கச் சேவல் தேடி. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தவர், இதையும் தூக்கினார். செல்வி கையிலிருந்த விளக்குமாற்றோடு ஓடி வந்தாள்.

காலைப் பார்த்தார். இறக்கிவிட்டார். "இது வேணாங்க்கா. ஊனமானதச் சாமிக்குக் குடுக்கக் கூடாது."

"அப்ப வீட்டுக் கொழம்புக்கு?" என்றேன் நான், சும்மா.

"அத்தை... தொட்டுப் பாருங்க!" என்றாள் செல்வி.

சாமியும் தொடாது, மருமகளும் தொட விடமாட்டாள் - எங்கள் தெருவிலேயே இதுதான் இப்போது கெட்டி ஆயுசு!