சிவந்த மூஞ்சூறு

மொன்ரியலில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பாலூட்டிகளைப் பற்றிய ஒரு பெரிய படப் புத்தகத்துக்கு அட்டவணைகள் தயாரிப்பது. 2000களின் நடுப்பகுதி. பல்கலைக்கழகச் சேகரிப்பு அறையில் பஞ்சு அடைத்த தோல்களை ஒவ்வொன்றாக எடுத்து நீளம், வால், நிறம், பிடித்த இடம் என்று கணினியில் பதிவேன். அட்டவணையின் அடியில் என் பெயர் வரும் என்று பதிப்பாசிரியர் சொல்லியிருந்தார். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எனக்கு அந்த ஒரு வரி வேண்டியிருந்தது.

பதிப்பாசிரியர் ஒரு மூஞ்சூற்றை இரண்டு இனமாகப் பிரித்திருந்தார். ஆற்றின் தென்கரையில் இருப்பது சாம்பல், வடகரையில் இருப்பது சிவப்பு. என் அட்டவணையும் அதையே சொன்னது.

அறையைப் பராமரித்த அண்ணை மன்னார்க்காரர். முன்பு நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தவர். ஒருநாள் மூன்று புதுத் தோல்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"போன கோடையில பிடிச்சது, தங்கச்சி. வடகரை. நிறத்தைப் பாரும்."

மூன்றும் சாம்பல்.

"பழந்தோல் சிவக்கும். என்ர கலியாண வேட்டியும் பெட்டிக்குள்ள கிடந்து மஞ்சளாப் போச்சு. அதைக் கட்டினா நான் வேற மிருகமே?"

இழுப்பறைகளை இடவாரியாக அடுக்குவது அங்கே வழக்கம். நானும் அப்படியே பட்டியலிட்டிருந்தேன். தோலின் காலில் கட்டிய சீட்டில் இருந்த, பிடித்த ஆண்டை ஒருமுறைகூடப் பதியவில்லை. அன்று எல்லாவற்றையும் பதிந்து ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தினேன். சிவப்பு எல்லாம் நான் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் பிடிபட்டவை. அந்தக் காலத்தில் பிடிக்க வடகரைக்கு மட்டுமே ஆட்கள் போயிருந்தார்கள்; தென்கரைச் சாம்பல் எல்லாம் பின்னால் வந்தவை.

அந்த வரிசையை அச்செடுத்துத் தாளைக் கொண்டுபோனேன். பதிப்பாசிரியர் பழந்தோல்கள் பரப்பிய மேசையிலேயே சீஸ் சான்ட்விச் தின்றுகொண்டிருந்தார். அந்தத் தோல்களில் ஆர்செனிக் நஞ்சு தடவியிருக்கும் என்று முதல் நாளே என்னை எச்சரித்தவர் அவர்தான்.

"தெரியும்," என்றார் பிரெஞ்சில். "படம் வரைந்தாயிற்று. இந்த மூன்றையும் இப்போது விட்டுவிடு."

விரலை நக்கிவிட்டு, என் தாளில் மூன்று வரிகளையும் அடித்தார். தெரியாமல் தவறியவர் என்றால் பொறுத்திருப்பேன். புதிய இனம் தன் புத்தகத்தில்தான் முதலில் வரவேண்டும் என்ற ஆசை, வாயோரம் ஒட்டிய சீஸைப் போல அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"அப்படியென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள்."

"சரி," என்றார். அடுத்த அட்டவணை எங்கே என்று கேட்டார்.

புத்தகம் வந்தது. சிவந்த மூஞ்சூறு, மீசைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக. எதிர்ப்பக்கத்தில் என் அட்டவணை, மூன்று வரி குறைவாக. அடியில் அண்ணையின் பெயர்.

அவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை."

"போய்ச் சொல்லுவமே, அண்ணை?"

"அச்சடிச்சாச்சு. இனி என்னத்தைச் சொல்லுறது?" புத்தகத்தை மூடினார். "உம்மட பேரை எடுக்கச் சொன்னனீர், சரி. அட்டவணையை எடுக்கச் சொன்னனீரே?"

இல்லை என்றேன்.