ஈரச் சாக்கின் அடியில் முளைத்தவை

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்து கோணலாக வரும், முன்னது பின்னதாக மாறிவிடும். மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துப் படியுங்கள்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, செந்துறைப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அரியலூரில் மகனின் வாடகை மாடிவீட்டுக்கு வந்தேன். மகன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம். இரண்டு முறை தங்காமல் போய் மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. அக்கம்பக்கத்தில் பேச எனக்குக் கூச்சம். மொட்டைமாடியில் பெயிண்ட் வாளிகளில் மருமகள் போட்டிருந்த கீரையோடுதான் என் பொழுது போனது.

தொட்டி மண்ணை நான் எறிய விடமாட்டேன். கீரை முடிந்ததும் பதினான்கு வாளிகளையும் தார்ப்பாயில் கவிழ்த்து, வேரைப் பொறுக்கி, நாலு நாள் வெயிலில் காயப்போட்டேன். பிறகு மக்கிய சாணி எருவும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து, புளித்த மோர் தெளித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடிவைத்தால் பதினைந்து நாளில் மண் மறுபடி உயிர் பிடிக்கும். ஆனால் அளவு குறைந்துபோகும். அந்தக் குறைக்குப் புது மண் சேர்க்க வேண்டும். மகனிடம் கேட்டேன். ஒரு மூட்டை செம்மண் கொண்டுவந்து இறக்கினான்.

"எங்கடா அள்ளுன?"

"ஊருப் பக்கந்தாம்மா" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மூடினேன். எரு சேர்ந்த மண் சூடேறும், அது தெரிந்ததுதான். ஆனால் அந்தத் தடவை சாக்கின் மேல் கை வைத்தால் காய்ச்சல்காரர் வயிற்றைத் தொட்டது போல் இருந்தது. மோர் தெளிக்கப் போனால் பீடி வாடை அடித்தது. எங்கள் குடும்பத்தில் பீடி குடித்தவர் ஒருவர்தான்.

ஆறாம் நாள் காலையில் சாக்கைத் தூக்கினேன். முளைத்துக் கிடந்தது. வெளிச்சம் படாததால் வெள்ளை வெளேரென்று, புழு தலை தூக்கியது போல. கீரை விதை சிந்தியிருக்கும் என்று குனிந்தேன். பச்சைப்பயறு, உளுந்து, துவரை, கொண்டைக்கடலை, கொள்ளு, மொச்சை. பக்கத்திலேயே நெல், கோதுமை. அத்தனையும் நவதானியத்தில் சேர்ந்தவை.

பால் தெளித்த அன்று, அவரைப் புதைத்த மேட்டில் மகன் நவதானியம் விதைத்தான். மாசி வெயிலில் ஊற்றிய நீர் அப்போதே காய்ந்தது. பதினாறாம் நாள் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட முளைக்கவில்லை. "பேரப்புள்ளையப் பாக்காத மனுசன், எப்படி மனசு ஆறும்?" என்று என் நாத்தனார் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

மகன் வேலை முடிந்து வந்ததும் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

"அங்க லாரிக்குப் பாதை போடறாங்கம்மா. மேட்டைச் சமமாக்கிருவாங்க. அப்பாவை அப்படியே வுட்டுட்டு வர மனசு வரல. மேல் மண்ணை அள்ளிட்டேன்."

"வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கற வூட்டுக்குச் சுடுகாட்டு மண்ணைக் கொண்டாரலாமாடா?"

"நீ மொத்தமாப் போட்டுக் கலப்பேன்னு நான் கண்டனா? தனியா ஒரு வாளியில வைப்பேன்னு நெனச்சேன்."

"சொன்னாத்தானே தெரியும், முண்டம்!"

இனி எது அவர் மண், எது கீரை மண் என்று பிரிக்க முடியாது. கொட்டினால் அவரைக் கொட்டியதாகும். வைத்திருந்து, இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் மருமகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவளிடமே சொல்லிவிட்டேன்.

வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "உசுரோட இருந்தப்ப இந்த மாடிப்படி ஏற மாட்டேன்னு மாமா எத்தனை அடம் புடிச்சாரு! இப்ப மூட்டையில ஏறி வந்துட்டாரா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "பயமாத்தான் இருக்கு அத்தை. கொட்டிட்டா அதைவிட பயமா இருக்கும். மொளச்சதை ஆத்துல வுட்டுருங்க. மண்ணுல பூச்செடி வைங்க. திங்கறது எதுவும் வேணாம்."

நானும் மகனும் திருமானூருக்குப் பஸ்ஸில் போய், முளைகளைக் கொள்ளிடத்தில் விட்டோம். விடும்போது வகை வகையாக எண்ணினேன். எட்டுதான் இருந்தது. எள்ளைக் காணோம். திரும்பி வந்து பதினான்கு வாளிகளிலும் கனகாம்பரம் நட்டேன்.

ஆனியில் பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த அன்று செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாடிக்குப் போனேன். படி ஏறியதும் முதலில் இருக்கும் வாளியில், கனகாம்பரத்துக்கு அடியில், ஒற்றை எள்ளுச் செடி இரண்டு இலை விட்டிருந்தது. மண்ணைத் தொட்டேன். எருச் சூடு ஆறி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ஆனாலும் வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பிடுங்கவில்லை. கீழே போய்ச் சொல்லவும் இல்லை.

நவதானியத்தில் எள் உண்டுதானே? எட்டு என்று நான் எண்ணியது சரியா, அவன் மண் அள்ளியது சித்திரையா பங்குனியா என்பதெல்லாம் எனக்கு இப்போது உறுதியில்லை. தெரிந்தவர்கள் யாராவது என் மகனிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். எள்ளுச் செடியைப் பற்றி மட்டும் அவனிடம் கேட்க வேண்டாம்.